காரைக்குடியிலிருந்து தனியாக மலைக்கு: முதல் கூடார இரவுக்குத் தயாராவது எப்படி?

செட்டிநாட்டில் மலை குறைவு. குன்றக்குடி, திருமயத்துப் பாறை, பிரான்மலை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் பொட்டலும் கண்மாயும்தான். ஆனாலும் நடை நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அந்த நடையில் வழி நெடுகச் சோறு உண்டு, தண்ணீர் உண்டு, கூட்டம் உண்டு. இங்கே சொல்லப்போவது இந்த மூன்றும் இல்லாத நடை: ஒற்றை ஆளாக மலையேறி, கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் இறங்குவது.

1. எங்கே தங்கலாம், எங்கே கூடாது

தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேறிகள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகள் வந்தன. 2024-ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ வழித்தடங்களிலும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஆகவே அழகர்மலைக் காட்டில் யாரோ கமுக்கமாகக் கூடாரம் போட்ட வீடியோவைப் பார்த்துக் கிளம்பாதீர்கள்.

தனியாகத் தங்கிப் பழகப் பட்டா நிலம் போதும். மலை ஏறிப் பழகப் பகல் போதும். இரண்டையும் தனித்தனியே கற்றுக்கொண்டு பிறகு சேர்ப்பதுதான் என் வழி.

2. காலும் முதுகும்

40 முதல் 50 லிட்டர் கொள்ளும் முதுகுப்பை போதும். அதற்குள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு விடியற்காலையில் கண்மாய்க் கரையில் நடங்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, கணக்கு எளிது. முதுகு முனகினால் ஒரு பாட்டிலைக் கொட்டிவிடலாம். மொத்தச் சுமை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஷூ வாங்கும்போது விரல்நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில்தான் நகம் கறுக்கும். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், மேலே காற்றில் நடுக்கும். விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியஸ்டர் பனியன் மேல்.

3. நேரக் கணக்கு

தனியாகப் போகிறவருக்கு வேறு எதையும்விட முக்கியமானது இது. ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: தட்டையான தூரத்துக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். பாதை 4 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர் என்று வையுங்கள். நடைக்கு 48 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக ஒரு மணி 33 நிமிடம். இது குளிர்நாட்டு ஆளின் கணக்கு. நம் வெயிலுக்கும் சுமைக்கும் பாதியளவு கூட்டி, இரண்டு மணி இருபது நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இதைச் சோதிக்கப் பிரான்மலை நல்ல இடம். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் மலை, சம்பந்தர் பாடிய கொடுங்குன்றம். அடிவாரத்தில் கோயில், உச்சியில் தர்கா, ஆகவே ஆள் நடமாட்டம் உண்டு. சிங்கம்புணரி போய்ப் பஸ் மாறி, வெயிலுக்கு முன் ஏறத் தொடங்குங்கள். போட்ட கணக்கையும் ஆன நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். சில ஏற்றங்களில் உங்கள் வேகம் தெரிந்துவிடும்.

கிளம்பும் முன்பே ‘திரும்பும் மணி’ ஒன்றைக் குறியுங்கள். உச்சி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் அந்த மணி வந்தால் திரும்ப வேண்டும். நான்கு பேர் போனால் எவராவது சொல்வார். தனியாகப் போனால் கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

4. தோப்பில் ஒத்திகை இரவு

சொந்தக்காரர் தோப்போ வயலோ இருந்தால் கேட்டுக்கொண்டு அங்கே ஓர் இரவு தங்குங்கள். “வீடு இம்புட்டுப் பெருசா கெடக்கு, தோப்புல என்னப்பா படுக்கை?” என்று அப்பத்தா கேட்பார்கள். கேட்கட்டும்.

தென்னை, பனைக்கு அடியில் கூடாரம் வேண்டாம். மட்டை விழும், காயும் விழும். ஓடைப்படுகை மணல் மெத்தென்று அழைக்கும், அதுவும் வேண்டாம். ஐப்பசி மழை எங்கோ பெய்தாலும் தண்ணீர் இங்கே வரும். கொஞ்சம் மேடான, சருகில்லாத தரை பாருங்கள்.

கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். கட்டுவிரியன் இரவில் அலையும், தரையில் படுத்தவரின் படுக்கைக்குள் நுழையும். கடித்த வலியே சில சமயம் தெரியாது. கடித்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். அசையாமல் இருந்து 108-ஐ அழையுங்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் மட்டும், கூடாரத்தை ஒருமுறை பிரித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மலையில் மழையோடு இதைச் செய்ய நேரலாம். நடுநிசியில் சருகு சரசரத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் எலியோ நாயோதான். அந்தப் பழக்கமும் இங்கேயே வரட்டும்.

ஊர்த் தோப்பில் தெரியாதது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். ஸ்லீப்பிங் பேகைவிட அடியில் விரிக்கும் ஃபோம் பாய்க்கு முதலில் செலவழியுங்கள். தரைதான் உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சும்.

5. சாப்பாடு, தண்ணீர், ஒதுங்குதல்

முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு மாவுருண்டை. நெய்யும் சர்க்கரையும் பாசிப்பருப்பும் சேர்ந்த அதைவிட நல்ல மலைத்தீனி எந்தக் கடையிலும் இல்லை. சுனைநீரைக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். கோடையில் அடுப்பே மூட்டாதீர்கள், குடிநீரையும் வீட்டிலிருந்தே சுமந்து போங்கள். ஒதுங்குவதற்கு நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய், ஒரு சாண் ஆழம் தோண்டி, மூடிவிடுங்கள். குப்பை முழுதும் பையோடு திரும்பட்டும்.

6. வீட்டில் விட்டுப்போகும் சீட்டு

வழி, தங்கும் இடம், கூடாரத்தின் நிறம், இறங்கி அழைக்கும் மணி, அழைப்பு வராவிட்டால் எத்தனை மணிக்கு 112-ஐ அழைப்பது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒருவரிடம் கொடுங்கள். பதறுகிறவரிடம் வேண்டாம், கடிகாரம் பார்க்கிறவரிடம் கொடுங்கள். விசிலும் வைத்திருங்கள். மலையில் உதவி கேட்கும் முறை, நிமிடத்துக்கு ஆறு ஊதல், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு.

செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசஞ்சரை வாங்கி வருகிறேன் என்று சிங்கப்பூர் மாமா ஆசையாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருந்தவர்கள் கைதாகியிருக்கிறார்கள்.

7. பிறகு எங்கே?

மலைத்தோட்டம் வைத்திருப்பவர் சிறுமலையில் தெரிந்தவராக இருந்தால், அவர் எல்லைக்குள் அனுமதியோடு ஓர் இரவு. காட்டுமாடு வரும் தடம் எது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளற்ற மலையில் தனி இரவு என்றே மனம் நின்றால், அதைச் சட்டமே அனுமதிக்கும் நாடு ஸ்காட்லாந்து. அங்கே 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்தால் வேலியிடாத மலைநிலத்தில் கூடாரம் போடலாம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கக்கூடாது. லோமண்ட் ஏரிக்கரையின் சில பகுதிகளில் மட்டும் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச்சீட்டு வேண்டும். கோடையில் மிட்ஜ் எனும் பொடிப்பூச்சி மொய்த்து எடுத்துவிடும், மே மாதத் தொடக்கம் தேவலை. மகனோ மகளோ அங்கே படித்தால் தங்கிவிட்டுக் கிளம்ப வசதி. கேஸ் குப்பியை மட்டும் அங்கேயே வாங்குங்கள், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.