அரிசோனா கிடா வேட்டை: டேக் விழுவதிலிருந்து கறி வீடு வருவது வரை

அரிசோனாவில் டெசர்ட் பிக்ஹார்ன் என்ற பெரிய கொம்புள்ள பாலைவனக் காட்டாட்டின் கிடா ஒருவருக்கு வாழ்நாளில் ஒன்றுதான். ஒன்றைச் சுட்டுவிட்டால் அந்த வகைக்கு மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது. அதைச் சுட அனுமதிக்கும் சீட்டான டேக் குலுக்கலில்தான் விழும், மாநிலம் முழுக்க வருடத்துக்கு நூறு, நூற்றைம்பது என்ற அளவில்தான் தருகிறார்கள், கேட்டு நிற்பவர்களோ பல ஆயிரம் பேர். முப்பது வருடமாக விண்ணப்பித்தும் கிடைக்காதவர் இருக்கிறார், முதல் வருடமே அடித்த பையனும் இருக்கிறான். ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருக்கும் நம்மாட்கள் சிலர் மான் வேட்டை வரைக்கும் வந்துவிட்டார்கள், ஆனால் "கிடா டேக்கெல்லாம் நமக்கு எங்கே விழப்போகிறது" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். போடாமல் இருந்தால் கண்டிப்பாக விழாது. போடுவது எப்படி, விழுந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். எச்1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையும் கையாள்வதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. அரிசோனா உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள்தான், வருடக் கடைசி வரைக்கும் என்று கணக்குப் போட்டு ஏமாந்துவிடாதீர்கள். உரிமம் தீர்ந்த மறுநாள் அலமாரியில் இருக்கும் துப்பாக்கியே உங்களுக்குப் பெரிய வழக்காகலாம், விசாவும் போய்விடலாம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசாவில் இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விண்ணப்பம் எளிது. கிடாவுக்கான டிரா, அதாவது குலுக்கல், ஜூன் மாத ஆரம்பத்தில் மூடும், இலையுதிர்கால மான் டிராவும் அதே நேரம்தான். அரிசோனா கேம் அண்ட் ஃபிஷ் துறையின் தளத்தில் கணக்குத் திறந்து, உரிமம் வாங்கி, யூனிட்டை, அதாவது வேட்டைப் பகுதியை, தேர்ந்தெடுத்துப் போட வேண்டியதுதான். விண்ணப்பக் கட்டணம் உள்ளூர்வாசிக்கு 13 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 15. டேக் விலை உள்ளூர்வாசிக்கு 300, வெளியாளுக்கு 1,800. இது விழுந்தால் மட்டும் எடுப்பார்கள். உள்ளூர்வாசி ஆக ஆறு மாதம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு மொத்த டேக்கில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாது, அதனால் டெக்சாஸிலிருந்தோ கலிஃபோர்னியாவிலிருந்தோ போடுபவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும்.

போனஸ் பாயிண்ட் கணக்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு முறை விழாமல் போகும்போதும் ஒரு பாயிண்ட் சேரும். உங்களிடம் எத்தனை பாயிண்ட் இருக்கிறதோ அதோடு ஒன்று கூட்டி, அத்தனை எண்களைக் கணினி உங்களுக்குத் தரும், அதில் மிகச் சிறிய எண்தான் உங்கள் எண். அந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு முன்னால் உங்கள் முறை வரும். டேக்குகளில் இருபது சதவீதத்தை அதிகப் பாயிண்ட் வைத்திருக்கும் பழைய ஆட்களுக்கு முதலில் ஒதுக்கிவிடுகிறார்கள், மீதியில் புதியவருக்கும் வாய்ப்பு உண்டு. ஐந்து யூனிட் வரை எழுதலாம், ஆனால் முதல் சுற்றில் முதல் இரண்டைத்தான் பார்ப்பார்கள். கிடா டேக் அதைத் தாண்டி மிஞ்சுவதில்லை என்பதால் மற்ற மூன்றையும் ஆசைக்கு நிரப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சுலபமாக எடுக்கக்கூடிய பாயிண்ட் ஒன்று உண்டு. அரிசோனாவின் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பை முடித்தால் நிரந்தரமாக ஒரு பாயிண்ட் கிடைக்கும், எல்லா விலங்குக்கும் சேர்த்து. தொடர்ந்து ஐந்து வருடம் விடாமல் போட்டால் லாயல்டி பாயிண்ட் ஒன்று, ஒரு வருடம் தவறினால் அது போய்விடும். ஐந்து வருடம் தொடர்ந்து போடவே இல்லையென்றால் சேர்த்ததெல்லாம் அழியும். போன் காலண்டரில் மே மாதமே ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள், கூடவே விண்ணப்பத்தில் கொடுத்த கிரெடிட் கார்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். டிரா முடிந்ததும் டேக் பணத்தை அந்தக் கார்டிலிருந்துதான் எடுப்பார்கள். முடிவு அறிவிப்பதற்கு முன்பே "கார்டு அடிச்சிடுச்சு" என்று இங்கே வேட்டைக்காரர்கள் கூத்தாடுவது இதனால்தான். வங்கிக் கணக்கில் 300 டாலர் கழிந்திருப்பதைப் பார்த்து யாராவது கத்தினால் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது.

எந்த யூனிட் கேட்பது? எல்லாருக்கும் பெரிய கொம்பு ஆசை, அதனால் பேர் பெற்ற யூனிட்டில் கூட்டம் அதிகம். எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்காது. வாழ்நாளில் ஒரு முறை என்றால் நீங்கள் வார இறுதியில் காரெடுத்துப் போய்ப் பார்க்கக்கூடிய மலையைக் கேளுங்கள். ஃபீனிக்ஸில் இருப்பவருக்கு சூப்பர்ஸ்டிஷன் மலைப் பக்கம் கைக்கெட்டும் தூரம். கிங்மேன், ஓட்மேன் அருகே பிளாக் மலைத்தொடரில் ஆடு நிறைய, ஆனால் நான்கு மணி நேர ஓட்டம். தென்மேற்கில் கோஃபா வனவிலங்குக் காப்பகம் பெரிய பெயர். 1936-ல் சாரணர் இயக்கத்துக்கு உந்துதலாக இருந்த ஃபிரெடரிக் ரஸ்ஸல் பர்ன்ஹாமும் அரிசோனாவின் சாரணச் சிறுவர்களும் ஆட்டைக் காப்பாற்றச் சொல்லி இயக்கம் நடத்தி, 1939-ல் கோஃபாவும் கபேசா பிரியேட்டாவும் காப்பகமாயின. அங்கெல்லாம் பெரும்பகுதி வனாந்தரப் பகுதி, அதாவது வண்டி தடத்தை விட்டு இறங்கக்கூடாது, கறியை முதுகில்தான் சுமக்க வேண்டும். கபேசா பிரியேட்டாவுக்கும் பக்கத்திலுள்ள கோல்டுவாட்டர் ராணுவப் பயிற்சிப் பகுதிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். வெடிக்காத குண்டுகள் கிடக்கும் இடம் அது, தரையில் உலோகம் எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள்.

சரி, விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான யூனிட்டில் சீசன் டிசம்பர் மாதம் முழுவதும். கையில் நான்கைந்து மாதம் இருக்கும், அதை ரைஃபிள் விலை விசாரித்தே கழிக்கிறவர்கள் நிறைய. வேண்டாம். மான் வேட்டைக்கு வைத்திருக்கும் ரைஃபிளே போதும். பணத்தை பைனாகுலரிலும் டிரைபாடிலும் போடுங்கள். கிடா வேட்டை என்பது நடப்பதைவிட உட்கார்ந்து பார்ப்பதுதான். 10x42 பைனாகுலர் கழுத்தில், 15x56 பைனாகுலர் டிரைபாடில், கூட ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி), இதைக் கடன் வாங்கினாலும் பரவாயில்லை. கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் டிரைபாடில் வைத்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், ஓடும் பஸ்ஸில் படிப்பதற்கும் மேசையில் படிப்பதற்கும் உள்ளதுதான்.

அந்த யூனிட்டைக் கவனிக்கும் கேம் அண்ட் ஃபிஷ் அலுவலரை அழைத்துப் பேசுங்கள், கூச்சப்பட வேண்டாம், கிடா டேக் வாங்கியவர் என்றால் அவர்களே ஆர்வமாகப் பேசுவார்கள். ஹெலிகாப்டரில் ஆடு எண்ணிய கணக்கு அவர்களிடம் இருக்கும், எந்தப் பள்ளத்தாக்கில் கிடாக்கள் தென்பட்டன என்று கேட்டு வாங்கலாம். அரிசோனா டெசர்ட் பிக்ஹார்ன் ஷீப் சொசைட்டி என்ற தன்னார்வ அமைப்பு சீசனுக்கு முன் டேக் பெற்றவர்களுக்கு ஒரு பயிற்சி நாள் நடத்துகிறது, அதைத் தவறவிடாதீர்கள். பாலைவனத்தில் ஆட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுவதும் இவர்கள்தான், ஒரு வார இறுதி அந்த வேலைக்குக் கை கொடுத்தால் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத தகவல் கிடைக்கும். சம்பள வழிகாட்டி வைத்துக்கொள்வதும் உண்டு, பல ஆயிரம் டாலர் ஆகும். நேரமே இல்லாதவர் வைக்கட்டும், மற்றவர்கள் தாங்களே தேடலாம் என்பது என் கட்சி.

அக்டோபர், நவம்பரில் போய்ப் பாருங்கள். கோடையில் ஆடுகள் தண்ணீரைச் சுற்றியே இருக்கும், மழை பெய்து செடி துளிர்த்துவிட்டால் தண்ணீர் தேவையே குறைந்து மலை முழுக்கச் சிதறிவிடும். சேர்க்கைக் காலம் கோடையில் தொடங்கி இலையுதிர்காலம் வரை ஓடும். டிசம்பரில் கிடாக்கள் பெட்டைகளை விட்டுத் தனிக் கூட்டமாகத் திரியும், அதனால் பெட்டையும் குட்டியும் நிறையத் தெரிகிற இடத்தில்தான் கிடாவும் இருக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் டிரெயில் கேமரா வைத்து வேட்டையாடுவது 2022 ஜனவரியிலிருந்து அரிசோனாவில் தடை, சீசனில் ட்ரோன் விட்டுத் தேடுவதும் கூடாது. அக்கம்பக்கத்தில் ஒரே ஒரு தண்ணீர் இடம்தான் என்றால் அதிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போடக்கூடாது, விலங்கு தண்ணீர் குடிக்க வர வேண்டுமே.

பார்க்கும்போது வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். முழு ஆட்டைத் தேடினால் கிடைக்காது, பாறை நிறத்திலேயே இருக்கும். பின்பக்கத்து வெள்ளைத் திட்டு, கொம்பில் ஒரு மினுக்கு, ஒரு காலின் நிழல், இவற்றைத் தேடுங்கள். ஒரு சரிவைப் பார்த்து முடித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து அதையே மறுபடி பாருங்கள், படுத்திருந்தது எழுந்து நிற்கும்.

சட்டப்படி எந்தக் கிடாவும் சுடலாம், ஆனால் பெட்டைக்கும் கொம்பு உண்டு, மெலிதாகக் குட்டையாகப் பின்னால் வளைந்திருக்கும், இளங்கிடாவின் கொம்பும் தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். அவசரப்பட்டால் முடிந்தது கதை. வயதைக் கொம்பின் வருட வளையங்களில் எண்ணலாம். கிழக்கிடாவுக்குக் கொம்பு அடிமுதல் நுனிவரை தடிமனாக வரும், நுனி தேய்ந்தும் உடைந்தும் மழுங்கியிருக்கும். எனக்கு அந்த மழுங்கிய கொம்புக்காரன்தான் அழகு, அளவு நாடா என்ன சொன்னாலும் சரி.

உடம்பைத் தயார் செய்ய ஜிம் வேண்டாம். பியஸ்டெவா பீக், கேமல்பேக், சூப்பர்ஸ்டிஷனில் ஃபிளாட்அயர்ன், இவற்றில் முதுகில் சுமையோடு விடிந்த கையோடு ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் சொல்லிவிடும். வேட்டையில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர், டிசம்பர் குளிர்தானே என்று குறைக்காதீர்கள். தோல் கையுறை கட்டாயம், சோய்யா கள்ளி தொட்டாலே துண்டாகக் கழன்று ஒட்டிக்கொள்ளும், கையால் பிடுங்கப் போனால் அடுத்த கையிலும் ஒட்டும். சாதாரணத் தலைசீப்பை உள்ளே விட்டு நெம்பித் தள்ளினால் வந்துவிடும், மிச்ச முள்ளுக்கு ஒரு சிறு இடுக்கி.

கிடாவைக் கண்டுவிட்டால் உடனே கிளம்பாதீர்கள். அது படுக்கட்டும். ஆடு கீழேயிருந்து வரும் ஆபத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கும், முடிந்தவரை மேலேயிருந்து, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். முந்நூறு கஜத்துக்குள் போனால் நல்லது. மேலிருந்து கீழே சுடும்போது சரிவுத் தூரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் குண்டு மேலே போகும், கிடைமட்டத் தூரம் காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் இதற்குத்தான். சுடுவதற்கு முன்னால் கடைசிக் கேள்வி ஒன்று: இது விழுந்தால் எங்கே விழும், நான் அங்கே போய்ச் சேர முடியுமா? மலை முகட்டின் விளிம்பில் நிற்கிற கிடாவைச் சுட்டு, அது உருண்டு கொம்பு உடைந்து கறியும் கெட்டு நிற்பதைவிட, நாலடி நகரும் வரை காத்திருப்பது மேல். நாளையும் அது அங்கேதான் இருக்கும்.

விழுந்ததும் முதல் வேலை டேக் போடுவது, புகைப்படமெல்லாம் அப்புறம். கிடா 200 பவுண்டு வரை இருக்கும். அப்படியே தூக்க முடியாது, அந்த இடத்திலேயே பிரிக்க வேண்டியதுதான். தலையைச் சுவரில் மாட்ட நினைத்தால் கழுத்தை முன்பக்கம் கிழிக்காதீர்கள், முன்சப்பைக்குப் பின்னால் சுற்றி வெட்டித் தோலை முகத்தை நோக்கி உரித்துக்கொண்டு வாருங்கள். அப்புறம் நாலு கால், முதுகுக்கறி, உள்முதுகுக்கறி, கழுத்து, விலாக்கறி. தின்னத்தக்க கறியை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது சட்டப்படி குற்றம், நம் வழக்கத்துக்கும் ஆகாது. காற்றோடும் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள், டிசம்பர் இரவு குளிர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பகல் வெயிலில் பிளாஸ்டிக் பையில் போட்டால் சில மணி நேரத்தில் வீணாகிவிடும். தலையும் தோலும் ஒரு சுமை, கறி ஒன்றிரண்டு சுமை, ஆகவே கூட இரண்டு நண்பர்கள் இல்லாமல் போகாதீர்கள். அவர்களுக்கு டேக் வேண்டியதில்லை, தோளில் வலு இருந்தால் போதும். கறி நன்றாக இருக்கும், கவிச்சி இல்லை. தொடையைச் சுக்கா வறுக்கலாம். கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக.

ஊரில் இருப்பவர்கள் கேட்டால் கொஞ்சம் திகைப்பார்கள். அங்கே வரையாட்டைத் தொட்டாலே சிறை, 1972 வனவிலங்குச் சட்டம் அப்படி, அதுவே சரியும்கூட. இங்கே ஆட்டுக்கான தண்ணீர்த் தொட்டிக்கும் கணக்கெடுப்புக்கும் பணம் பெரும்பாலும் வேட்டைக்காரர்களிடமிருந்துதான் வருகிறது, உரிமக் கட்டணமாகவும், 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது போடும் வரியாகவும். பிடிக்காதவர்களோடு நான் வாதாடுவதில்லை.

எல்லாம் முடிந்தால் கொம்போடு கூடிய மண்டையைத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அளந்து, வயது பார்த்து, கொம்பில் துளையிட்டு எண் பொறித்த அடையாளம் வைப்பார்கள். அதற்கான கெடு டேக்கோடு வரும் விதிப்புத்தகத்தில் இருக்கும், சீசன் முடிந்த கையோடு போய்விடுவது நல்லது. உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள உங்கள் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ டேக்கை மாற்றிக் கொடுக்கலாம், சீசன் முடிவதற்குள், அதுவும் அலுவலகத்தில்தான். பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் ஹண்டர் எஜுகேஷன் முடித்திருக்க வேண்டும், அதை முன்கூட்டியே முடித்து வையுங்கள். டேக் விழுந்ததும் சேர்த்து வைத்த பாயிண்ட் பூஜ்யமாகிவிடும், ஹண்டர் எஜுகேஷன் பாயிண்டும் லாயல்டி பாயிண்டும் மட்டும் மிஞ்சும். அந்த இரண்டோடு அடுத்த ஜூனில் ராக்கி மவுண்டன் பிக்ஹார்னுக்குப் போடலாம், அது வேறு வகை, அதிலும் வாழ்நாளுக்கு ஒன்று.