வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்ய வைக்க எவ்வளவு நாளாகும்? நாளை இழுக்கும் தவறுகள்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன வீடு. குடியிருந்தவர் ஐந்து மாதம் வாடகை தரவில்லை. ஒருநாள் காலை சித்தப்பா போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மாலையில் ஸ்டேஷனிலிருந்து போன். கைக்குழந்தையோடு இருட்டில் உட்கார்ந்திருப்பதைக் குடியிருந்தவர்கள் வீடியோ எடுத்துக் கொடுத்திருந்தார்கள். வாடகை பாக்கி பேச்சே அன்று எழவில்லை. சித்தப்பாதான் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்.

கரண்ட், தண்ணீரை நிறுத்துவது, பூட்டு மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எதுவுமே கூடாது. எத்தனை மாத பாக்கி இருந்தாலும் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அது நியாயமும் இல்லை.

சரி, முறைப்படி போனால் எத்தனை நாள்? 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. புதிய சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால்தான் வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். அதற்குப் பிறகு பதில் மனு, விசாரணை, உத்தரவு. அந்த உத்தரவையும் மதிக்காவிட்டால் நிறைவேற்று மனு. எதிராளி வக்கீல் வைத்து வழக்காடி, மேல்முறையீட்டுக்கும் போனால் ஒரு வருடம் தாண்டுவது புதிதல்ல.

ஆனால் நான் பார்த்தவரை, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே வீட்டுக்காரர்கள் தொலைக்கிற மாதங்கள்தான் அதிகம். "பார்க்கலாம், பொங்கலுக்குத் தந்துடறேன்னு சொல்லியிருக்கார்" என்று ஆறு மாதம் போகும். அப்புறம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு, ஸ்டேஷனில் ஒரு புகார். காலி செய்யச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் போலீசுக்கு இல்லை. இது சிவில் விவகாரம்.

அடுத்தது ஒப்பந்தம். பதினோரு மாத ஒப்பந்தத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால் போதும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். புதிய சட்டத்தில் பதினோரு மாதம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை நீட்டினால், வழக்கு பாக்கியைப் பற்றி நடக்காமல் அந்தக் காகிதத்தைப் பற்றியே நடக்கும்.

நோட்டீஸில் செய்யும் தவறுகள் சின்னவை, ஆனால் மாதக்கணக்கில் இழுத்துவிடும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவது, பாக்கித் தொகையைத் தப்பாகப் போடுவது, அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்கு வாரிசுகளில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவது. பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடா ஆனதற்கான ஒப்புகையும் கேட்டு அனுப்புங்கள். "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குச் சாட்சி.

காலி செய்யச் சொல்லிக் கொடுத்த கெடு முடிந்த பிறகு ஜிபேயில் வாடகை வந்து விழும். பணம்தானே என்று பேசாமல் இருந்துவிடக் கூடாது. கெடுவுக்குப் பிந்தைய மாதத்து வாடகையை வாடகையாகவே ஏற்றால், நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக வாதிட வழி கிடைக்கும். "வழக்குரிமைக்குப் பாதகமின்றி, குடியிருந்த காலத்துக்கான தொகையாகப் பெறுகிறேன்" என்று அன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

போக்கியத்துக்கு விட்டவர்களுக்கு வேறொரு சிக்கல். வாங்கிய லட்சங்களை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டு, "காலி பண்ணுங்க" என்றால் யார் போவார்கள்? முதலில் அந்தப் பணத்தைத் திரட்டுங்கள்.

சித்தப்பா கடைசியில் முறைப்படி நோட்டீஸ் அனுப்பினார். மனு போட்ட பிறகு, பாக்கியில் இரண்டு மாதத்தை விட்டுக்கொடுப்பதாகச் சமரசம் ஆனது. சாவி வாங்கிய அன்று மீட்டர் ரீடிங்கைக் குறித்து, அட்வான்ஸில் மீதிப் பாக்கியைக் கழித்து, வீட்டை ஒப்படைத்ததாக இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தார்.