லேசர் பார்வைத் திருத்தம்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

லேசிக் போன்ற லேசர் சிகிச்சைகள் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். கருவிழியின் (கார்னியா) வளைவைத் திருத்தி, ஒளி விழித்திரையின் மீது சரியாகக் குவியும்படி செய்கின்றன. கண்ணின் மற்ற பகுதிகள் முன்பிருந்தபடியேதான் இருக்கும். இதை மனத்தில் கொள்ளாமல், கண்ணே புதிதாகிவிடும் என்று எண்ணுபவர்கள்தான் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள்.

முதல் தவறு, பவர் நிலைபெறும் முன்பே அவசரப்படுவது. 18 வயது நிறைந்திருந்தாலும், கடந்த ஓராண்டில் பவர் 0.5-க்கு மேல் மாறியிருந்தால் காத்திருப்பதே நல்லது. கர்ப்பக் காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் பவர் மாறக்கூடும் என்பதால், அப்போதும் தள்ளிப்போட வேண்டும்.

காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், பரிசோதனைக்கு முன் மென்மையான லென்ஸ் என்றால் சுமார் 2 வாரங்களும், கெட்டியான லென்ஸ் என்றால் சுமார் 4 வாரங்களும் அதைக் கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடும். கழற்றி வைக்காவிட்டால், அந்த மாறிய வடிவத்தை அளந்துதான் லேசருக்குக் கணக்குக் கொடுக்கப்படும். இடையில் ஒரு விசேஷத்துக்காக ஒரு நாள் அணிந்துவிட்டு அதை மருத்துவரிடம் மறைப்பவர்கள், தவறான அளவைத் தாங்களே கொடுத்தவர்கள் ஆகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ‘உங்கள் கண்ணுக்கு இது பொருந்தாது’ என்று ஒரு மருத்துவர் சொன்ன பிறகு, சரி என்று சொல்பவர் கிடைக்கும் வரை அலைவது. அவர் மறுப்பதற்குக் கருவிழியின் தடிமன் ஒரு காரணமாக இருக்கலாம். அதன் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் கொண்டது. லேசிக்கில் கருவிழியின் மேற்பரப்பில் மெல்லிய மூடிபோல வெட்டித் திறக்கும் மடல் 110 மைக்ரான் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவருக்கு ஏறத்தாழ 15 மைக்ரான் வீதம், மைனஸ் 8 பவருக்கு 120 மைக்ரான் செதுக்கினால், மடலுக்கு அடியில் 310 மிஞ்சும். அதே கணக்கை 490 மைக்ரான் கருவிழியில் போட்டால் மிஞ்சுவது 260. குறைந்தபட்சம் 250-ஆவது மிஞ்ச வேண்டும் என்பது வழக்கமான வரம்பு, பலர் 300-க்குக் கீழே இறங்கவே தயங்குவார்கள். அதை விட முக்கியமானது, கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ் நோயின் தொடக்க அறிகுறி. அது தெரிந்தும் லேசிக் செய்துகொண்டால், கருவிழி மேலும் பலவீனமாகிப் பார்வையே குலையலாம். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தாலும், கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கம் இருந்தாலும் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. சொட்டு மருந்தால் கண் மரத்துவிடும். மடலை உருவாக்கும்போது சில நொடிகள் அழுத்தம் தெரியும், பார்வை மங்கும். கண் லேசாக அசைந்தாலும் கருவி அதைப் பின்தொடரும். முடி பொசுங்குவது போன்ற வாடை வந்தால் கண் எரிகிறது என்று பதற வேண்டாம். 193 நானோமீட்டர் எக்சைமர் லேசர் திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளைத் துண்டிக்கிறதே தவிர, சுற்றியுள்ள பகுதியைச் சுடுவதில்லை.

மறுநாளே தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகச் சொட்டு மருந்தை நிறுத்துவதும், கண் அரிக்கிறது என்று தேய்ப்பதும் பின்னர் நேரும் தவறுகள். தேய்த்தால் மடல் இடம் மாறலாம். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்ன நாளுக்கு மேல் தாமாகவே தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறலாம். கருவிழியின் நுண்ணரம்புகள் அறுபடுவதால் கண் வறட்சி சில மாதங்கள் நீடிப்பதும், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் எதிர்பார்க்க வேண்டியவையே. மடல் இல்லாத பிஆர்கே முறையில் முதல் சில நாட்கள் வலி இருக்கும். பார்வை தெளியவும் வாரக்கணக்கில் ஆகும். லேசிக் செய்துகொண்டவரோடு ஒப்பிட்டு வருந்துவதில் பொருளில்லை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வந்தே தீரும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துவந்த கிட்டப்பார்வைக்காரர், தூரப் பார்வையைத் திருத்திக்கொண்ட பின் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கும்.

மைனஸ் பவர் அதிகமாக இருந்தவர்களுக்கு விழித்திரை விலகும் அபாயம் லேசருக்குப் பிறகும் குறைவதில்லை. கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தோன்றினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றே காட்ட வேண்டும். சிகிச்சைக்கு முந்தைய அளவுகள் அடங்கிய கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் கணக்கிட அது உதவும். கருவிழி மெலிந்த கண்ணில் அழுத்தம் உண்மையை விடக் குறைவாகவே அளவில் காட்டும் என்பதால், எந்தப் புதிய கண் மருத்துவரிடம் சென்றாலும் லேசர் செய்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.