முடவாட்டுக்கால் சூப்: முதல் முறை வைப்பவர்களுக்கு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி அறப்பளீஸ்வரர் கோவில் பக்கம் போனவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. கடை வாசலில் பழுப்பு முடியோடு ஆட்டுக்கால் போலவே குவித்து வைத்திருப்பார்கள், பக்கத்திலேயே சூப்பும் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறியவர்களுக்கு அந்தச் சூப்பின் அருமை சொல்லாமலே தெரியும். பலரும் ஆசையாய் அரைக்கிலோ வாங்கி வந்துவிட்டு, வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படி மூலையில் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காக.

கிழங்கு என்று சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதில்லை. பெரணி வகைச் செடியின் தண்டு இது. தாவரவியலில் ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா என்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும். இதற்கு இரண்டு வகை இலைகள் உண்டு. பச்சையாக நீண்டு வளர்வது ஒன்று. இன்னொன்று கையகலத்துக்குக் காய்ந்து பழுப்பாகத் தண்டை ஒட்டியே நிற்கும். செத்த இலை என்று நினைத்துவிடாதீர்கள். மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைத்து மக்க வைப்பது அதுதான். மண்ணில்லாத பாறையில் செடிக்குச் சோறு போடுவதே அந்த இலைதான்.

வாங்கும்போது

கையில் எடுத்தால் கனமாக, அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு துண்டை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெளிர்பச்சையாக ஈரப்பசையோடு இருந்தால் புதியது. பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் வேண்டாம். பொடியாகவும் விற்கிறார்கள். எந்தக் காலத்துச் சரக்கு, முடியை எடுத்தார்களா என்று எதுவுமே தெரியாது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மலையில் கண்ணில் பட்டதே என்று நீங்களே பிடுங்காதீர்கள். காப்புக் காட்டுக்குள் அது குற்றம். மெதுவாக வளரும் செடி வேறு.

முடியை எடுப்பது

மொத்த வேலையும் இதில்தான் இருக்கிறது. தண்டு முழுக்கச் செதில் செதிலாக மென்மையான பழுப்பு முடி மூடியிருக்கும். இது சூப்பில் கலந்தால் தொண்டையில் கரகரவென்று நிற்கும், குடிக்கவே முடியாது.

முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைக் கழுவுங்கள். அப்புறம் கத்தியின் முனையைச் சாய்த்துப் பிடித்து, இஞ்சித் தோலைச் சுரண்டுவதுபோல் சுரண்டுங்கள். கணுக்களின் இடுக்கில் முடி ஒளிந்திருக்கும். அங்கே சுரண்டிக்கொண்டிருக்காமல் தோலோடு சீவி எறிந்துவிடுவது மேல். சிலர் அடுப்புத் தீயில் வாட்டி முடியைப் பொசுக்கிவிட்டுச் சுரண்டுவார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வீடெல்லாம் கருகல் வாசனை. கடைசியாக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். அலசிய தண்ணீரில் பழுப்புத் தூள் மிதப்பது நிற்கும்வரை அலச வேண்டும்.

சூப் வைப்பது

நான்கு பேருக்குச் சுத்தம் செய்த கிழங்கு 100 கிராம் போதும். நார் அதிகம் என்பதால் முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு திணறும். மெல்லிய வட்டங்களாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள்.

மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, ஆறேழு பல் பூண்டு, பத்து சின்ன வெங்காயம். இவற்றை அம்மியில் தட்டிக்கொள்ளுங்கள், விழுதாக்க வேண்டாம். குக்கரில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கறிவேப்பிலை, தட்டிய மசாலா, ஒரு தக்காளி என்று வரிசையாகப் போட்டு வதக்குங்கள். அரைத்த கிழங்கு, மஞ்சள்தூள், உப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து நான்கைந்து விசில் விட்டால் போதும். குக்கர் இல்லாவிட்டால் சிறு தீயில் முக்கால் பங்காகச் சுண்டும்வரை கொதிக்கட்டும்.

இறக்கியதும் கட்டாயம் வடிகட்டுங்கள். வடிகட்டியில் மெல்லிய துணி போட்டு வடித்தால் தப்பிய முடியும் நின்றுவிடும். கொத்தமல்லி தூவிச் சூடாகக் குடிக்கலாம். கிழங்குக்கென்று பெரிய ருசி கிடையாது, லேசான துவர்ப்புதான். சைவ ஆட்டுக்கால் என்று பெயர் வாங்கியது பாதி மிளகு சீரகத்தின் தயவில் என்பேன்.

எதற்குக் குடிக்கிறார்கள்?

மூட்டுவலி, முழங்கால் வலி, உடம்பு அசதி. மலைவாசிகள் வழிவழியாக இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள். இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியைச் சீன மருத்துவத்தில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கிறார்கள். முடவாட்டுக்கால் சாறு கொடுத்த எலிகளுக்கு வலியும் வீக்கமும் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எலிக்குக் கொடுத்தது சாற்றின் அடர்த்தியான வடிவம். நாம் குடிப்பது மிளகு ரசம் மாதிரி ஒன்று. அதனால், "பத்து நாளில் மூட்டுத் தேய்மானம் போயே போச்சு" என்று வரும் வீடியோக்களை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆளுக்கு ஒரு டம்ளர் என்று உணவாக எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும், தினமும் மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மீந்த கிழங்கைக் கழுவாமல், முடியை எடுக்காமல், காற்றோட்டமான இடத்தில் வெளியிலேயே வையுங்கள். பல வாரம் தாங்கும். துளிர் விட்டால் தூக்கிப் போடாதீர்கள். நிழலான இடத்தில் இருக்கும் மாமரத்திலோ தென்னையிலோ தேங்காய் நாரோடு சேர்த்துக் கட்டி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து வந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.