ஜெபமாலைப் பழக்கத்தைக் கேமரா முன் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் மணி கேட்டதும் கை தானாக நெற்றிக்குப் போகும். ஊரை விட்டு வந்து எத்தனை வருடம் ஆனாலும், பஸ் ஒரு மாதா கெபியை, அதாவது மாதா சுரூபம் வைத்த சிறு குகையை, தாண்டினால் விரல்கள் சிலுவை போட்டு உதட்டில் வந்து நிற்கும். கிராமத்துக் கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவர்கள் தங்கள் வளர்ப்பை வீடியோ நிகழ்த்துக்கலையாகச் செய்ய நினைத்தால், எடுத்து வைக்க வேண்டியது இந்த உடம்பைத்தான். அதை விட்டுவிட்டு மெழுகுவர்த்தி, முள்முடி, சுரூபம் என்று பொருள்களைக் குவிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பொருள்கள் மதத்தைக் காட்டும், வளர்ந்த விதத்தைக் காட்டாது.

அப்புறம், அவசரமாக வெட்டிவிடுவது. ஒரு ஜெபமாலையில் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கும் மந்திரத்தை 53 முறை சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரையில் மண்டியிட்ட பிள்ளைக்கு முதல் பத்தில் ஒன்றும் தெரியாது. முப்பதில் முழங்கால் கனக்கும். குதிகாலில் உட்காரப் பார்த்து, அம்மாவின் கண்ணைக் கண்டு நிமிரும். நாற்பதுக்கு மேல் வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். இதை இரண்டு நிமிடமாகச் சுருக்கினால் எதற்காக எடுத்தோமோ அதுவே போய்விடும். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, முழுதாக எடுங்கள்.

அமெரிக்கக் கலைஞர் லிண்டா மொன்டானோவைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் சாகர்டீஸ் என்ற சிறிய ஊரில், பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். மேரிநோல் கன்னியர் மடத்தில் இரண்டு வருடம் இருந்தார். முன்னாள் கணவர் இறந்ததைப் பற்றி 1970களில் அவர் செய்த வீடியோ சுமார் 22 நிமிடம் ஓடும். முகமெல்லாம் அக்குபஞ்சர் ஊசிகள். நடந்ததை ஒரே சுருதியில், மடத்தில் ஜெபம் ஓதுவது போல ஓதிக்கொண்டே போகிறார். துக்கத்தில் அந்தக் குரலுக்குத் தெரிந்த வழி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேலிக்காகப் பழக்கத்தை மிகைப்படுத்துவதும் வேண்டாம். பூசையில் தரும் அப்பமான நற்கருணையைப் பல்லில் படாமல் நாக்கில் கரைய விடச் சொல்லி வளர்த்தார்கள். அதில் பயமும் இருந்தது, செல்லமும் இருந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டினால் பொய். அதைச் செய்துகாட்ட, பூசையில் வாங்கியதைக் கொண்டு வராதீர்கள். மந்திரிக்காத அப்பமே போதும்.

பாட்டியை எடுப்பதானால் நடிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் ஜெபம் நடக்கும் நேரத்துக்குப் போய் நீங்களும் மண்டியிடுங்கள். வெளியே காட்டும் முன் முழுதையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.