தொழில் மாறும்போது கையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி

நான் கோவில்பட்டியில் போர்டு எழுதியவன். கடலைமிட்டாய்க் கடை, தீப்பெட்டி ஆபீஸ், லாரி செட், டாக்டர் வீட்டு வாசல் என்று 1979-லிருந்து 26 வருஷம் எனாமல் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாகவே ஓடியது. அப்புறம் ஃபிளக்ஸ் வந்தது. போர்டு எழுத ஆள் தேடி வருவது நின்றுபோய், ஃபிளக்ஸ் அடிக்கிற கடையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் 11 வருஷம் உட்கார்ந்தேன். இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறேன், மனைவி இல்லை. ஒவ்வொரு முறை வாழ்க்கை புரண்டபோதும் கையில் இருந்த வித்தையும் அதோடு போய்விடுமோ என்று பயந்திருக்கிறேன். போகவில்லை. அதற்கு நான் செய்தவற்றைத்தான் எழுதுகிறேன். நீங்கள் தையல்காரராக இருக்கலாம், கல்யாணத்துக்குப் பிறகு வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பெண்ணாக இருக்கலாம். உங்கள் வேலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுவது. உங்கள் தொழிலில் கடையில் வாங்கக்கூடியதையெல்லாம் இடது பக்கம் எழுதுங்கள். உங்களிடமிருந்து மட்டுமே வருவதை வலது பக்கம் எழுதுங்கள். சுலபம் என்று தோன்றும், ஆனால் எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முதலில் பிரஷ்ஷை வலது பக்கம் எழுதினேன், பிறகு அடித்தேன். தகரம், ரெட் ஆக்சைடு, உப்புத்தாள், நூல் அடிக்கிற சுண்ணாம்பு எல்லாமே இடது பக்கம்தான். கடைசியில் வலது பக்கம் இரண்டே மிஞ்சின. ஒன்று, சுழி வளைகிற விதம். மற்றது, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நான் விடுகிற இடம்.

இதை எனக்குக் காட்டியவர் என் ஆசான். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் கையாளத் தொடங்கிய மாற்றங்கள் அவை. ணை, லை, ளை, னை எழுத்துகளில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நின்ற கொம்பு போய், கை, தை-யில் வருகிற அதே கொம்பு வந்தது. ணா, றா, னா-வில் எழுத்தோடு ஒட்டி வளைந்த கால் போய், தனித் துணைக்கால் வந்தது. நான் அவரிடம் சேர்ந்தபோது எனக்கு 14 வயது. அதற்கு 20 வருஷம் முன்பிருந்தே தும்பிக்கை போட்டுப் பழகிய கை அவருடையது. யோசிக்காமல் எழுதினால் பழைய லை வந்துவிடும். ஈரம் காய்வதற்குள் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒரு ஜவுளிக்கடை போர்டில் ஒரே நாளில் மூன்று முறை துடைத்தார். கோபம் வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். "தும்பிக்கைய அரசாங்கம் எடுத்துக்கிச்சு. சுழிய யாருடா எடுப்பா?" என்றார், அவ்வளவுதான். அவருடைய மூன்று சுழி ண-வில் கடைசிச் சுழி மற்ற இரண்டையும்விட ஒரு நூல் அளவு பெரிதாக இருக்கும். பஸ்ஸில் போகும்போதே அது அவர் போர்டு என்று தெரியும். புது எழுத்திலும் தெரிந்தது.

உங்கள் வலது பக்கம் காலியாகவே இருந்தால், உங்கள் வேலையைப் பல வருஷம் பார்த்த ஒருவரிடம் கேளுங்கள்: பெயர் போடாமல் வைத்தால் இது என்னுடையது என்று எதை வைத்துச் சொல்வாய்? அவர் சொல்லும் பதில் சின்னதாக இருக்கும், தாளில் அதை எழுதுங்கள்.

இரண்டாவது, அந்தச் சின்ன விஷயத்துக்குத் தினமும் 15 நிமிஷம் கொடுப்பது. யாரும் கேட்காத, யாருக்கும் காட்டாத 15 நிமிஷமாக அது இருக்க வேண்டும். நான் பழைய பேப்பரை விரித்து, சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து, தட்டை பிரஷ்ஷும் தண்ணீரில் கரைத்த காவியுமாக ஒரே ஒரு ஊர்ப் பெயரை எழுதுவேன். கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம். தமிழில் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல இருக்காது. ர ஒல்லி, ண மூன்று ஆள் இடம் பிடிக்கும். ஸ்கேல் வைத்துச் சம இடம் விட்டால் போர்டு கோணலாகத் தெரியும். நடுவில் கிடக்கிற வெள்ளை, கண்ணுக்குச் சமமாகப் படுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கீ மேலே ஏறும், பூ கீழே இறங்கும், அதனால் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவில் இரண்டும் முட்டாத இடைவெளி வேண்டும். இதையெல்லாம் கண் மறக்காமல் இருக்க இந்த 15 நிமிஷம் போதும். வருமானம் தருகிற வேலை வேறாக இருக்கும் வருஷங்களில்தான் இது ரொம்ப முக்கியம், அந்த வருஷங்களில்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

மூன்றாவது, பிழைப்புக்குச் செய்கிற வேலையோடு சண்டை போடாதீர்கள், அதற்குள்ளேயே ஓர் இடம் பிடியுங்கள். நான் இருந்த ஃபிளக்ஸ் கடையில் முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு 40 பேனர் முடிக்க வேண்டும். இரண்டு எழுத்துக்கு நடுவே இடத்தைச் சரி செய்துகொண்டிருந்தால், "ஃபான்ட் எதுக்கு இருக்கு? அடிச்சு அனுப்புங்க" என்பார் முதலாளி. 40-ஐயும் என் மனசுப்படி செய்ய நினைத்த ஆறு மாதம் வேலையும் கெட்டது, தூக்கமும் கெட்டது. அப்புறம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்தவர் பெயரை மட்டும் நான் காகிதத்தில் கையால் எழுதி, ஸ்கேன் செய்து வைப்பேன். மற்றதெல்லாம் ஃபான்ட். யாரும் கேட்கவில்லை, கூடுதலாகப் பணமும் இல்லை. ஒரு மனிதரின் பெயர் கடைசியாகத் தெருவில் நிற்கும்போது அதை ஒரு கை எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 11 வருஷமும் அந்த வேலையில் நான் நானாக இருந்தது அந்த ஒரு வரியில்தான்.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்கு சீன் திரை வரைந்தவர். கம்பெனியோடு வந்தவர் கோவில்பட்டியிலேயே தங்கினார். பிறகு சிவகாசியில் அச்சான காலண்டர்களுக்குச் சாமி படங்கள் வரைந்தார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும்! மேடைத் திரை ஆளுயரத்துக்கு மேல், காலண்டர் கைக்கு அடக்கம். ஆனால் அந்தப் படங்களில் சாமிக்குப் பின்னால் விரியும் தூணையும் மலையையும் பாருங்கள், நாடகத் திரையின் அழகு அப்படியே தெரியும். 1976-ல் அவர் காலமானார். நான் தொழிலுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார் என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

உடம்பு மாறுவதற்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கண்புரை இருந்தபோது வெள்ளையெல்லாம் எனக்கு மஞ்சளாகத் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நீலம் பளிச்சென்று வந்து நின்றது. அந்த ஒரு மாதம் நிறத்தைத் தொடாமல் கறுப்பில் மட்டும் எழுதினேன். கை நடுங்கினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், இடது முஷ்டியை வலது மணிக்கட்டுக்கு அடியில் வையுங்கள். பழக்கத்தை நிறுத்த வேண்டாம்.

துக்கத்துக்கு வழி வேறு. மனைவி போன பிறகு நாலு மாதம் எனக்கு ஒரு கோடு இழுக்க முடியவில்லை. அப்போது 15 நிமிஷம் என்று உங்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கருவியை மட்டும் கவனியுங்கள். நான் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காய் எண்ணெய் தொட்டு நுனி மயிரை விரலால் சேர்த்துப் படுக்க வைப்பேன். வாரம் ஒரு தடவை. எழுதவில்லை, ஆனால் மயிர் காய்ந்து முறியவும் விடவில்லை.

ஓசூருக்கு வரும்போது சமையலறை டப்பாக்களையும் கொண்டுவந்தோம். கல்யாணமான புதிதில் அவள் கேட்டு நான் எழுதிக் கொடுத்தவை: துவரை, உளுந்து, மல்லி, சீரகம். கை பட்டுப் பட்டுப் பாதி எழுத்து உரிந்திருந்தது. ஒருநாள் மகள் உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது துவரைன்னு நினைச்சேன்பா" என்றாள். அன்று சாயங்காலம் ஆறாம் நம்பர் பிரஷ்ஷை எடுத்தேன். துவரையில் ஆரம்பித்தேன். பழைய எழுத்தின் தடம் தகரத்தில் லேசாக இருந்தது, அதன் மேலேயே போனேன். சீரக டப்பாவில் சீ-யின் மேல் வளைவு எப்போதும் மூடியில் இடித்து உரியும் என்று அவள் 30 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை அரை அங்குலம் இறக்கி எழுதினேன்.