முள்ளிவாய்க்கால் கஞ்சி: நம்ம ஊரில் எப்படிக் கொடுப்பது

இலங்கைப் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் மாண்ட சனத்தை நினைத்து, மலேசியாவில் நம்ம சுங்கை சிப்புட்டில் மே 18 அன்று கஞ்சி கொடுக்கலாமா என்று மன்றத்துப் பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வருசக்கணக்காகக் கஞ்சி காய்ச்சியவள் நான். தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலில் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். ருசிக்காகத் தேங்காய்ப்பால் ஊற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் அகப்பையைப் பிடுங்கிவிடுங்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் குண்டுக்கு நடுவே வரிசையில் நின்ற சனத்துக்குக் கிடைத்தது அந்த வெறுங்கஞ்சிதான். 5 கிலோ புழுங்கலரிசிக்கு 50 லிட்டர் தண்ணீர். இருநூறு பேருக்குத் தாராளமாக வரும். பாதித் தண்ணீரில் அரிசியை மலரவிட்டு, மீதியைச் சுடவைத்து ஊற்றுங்கள். பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கஞ்சி வேறு, தண்ணீர் வேறாக நிற்கும். சிரட்டையில் கொடுப்பதென்றால் சந்தைக் கடையில் முன்கூட்டியே சொல்லி, பாதியாக உடைத்து வாங்குங்கள். நாரைச் சுரண்டி, கொதிநீரில் போட்டு எடுங்கள்.

"சிலோன்காரன் சண்டை நமக்கெதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களிடம் ஜெனீவா, ஐநா தீர்மானம் என்று பேசாதீர்கள். 1948இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் மூண்டதே நம்ம ஊர்ப் பக்கத் தோட்டங்களில்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று அரிசிக்கு ரேஷன் போட்டார்கள். ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்தி, அரிசி ஒளித்திருக்கிறார்களா என்று சோதித்தார்கள். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையை உதறிக் காட்டுவார். அதை ஞாபகப்படுத்துங்கள். சிரட்டையைக் கையில் வாங்கிக்கொள்வார்கள்.

இனி சட்டம். இதில் அசட்டை கூடாது. 2012ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டப்படி மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 5 நாளைக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கோயில் வளாகம் வேண்டாம், வழிபாட்டுத் தலங்கள் அந்தச் சட்டத்தில் தடைசெய்த இடங்கள். மண்டபம் பாருங்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் குடிமக்கள் அல்லாதவர்களையும் அந்தச் சட்டம் விடாது. ஐநா அகதி அட்டை வைத்திருக்கும் ஈழத்து அண்ணன் ஒருவர் ஊரில் இருந்தால், பாசத்தில் அவரை மேடையேற்றிவிடாதீர்கள். மலேசியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாடு. சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான். கஞ்சியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

புலிக்கொடி, தலைவர் படம் எதுவும் வேண்டாம். 2014 முதல் விடுதலைப் புலிகள் இயக்கம் இங்கே பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. 2019 அக்டோபரில் அதோடு தொடர்பென்று 12 பேரைச் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தார்கள், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட. நான்கு மாதம் கழித்துத்தான் வழக்கு கைவிடப்பட்டது. பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொல்லும் தம்பிகளுக்கு ஒன்று: உங்கள் அம்மாக்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பேச்சு பத்து நிமிடம் போதும். கவிதைக்காரர்களிடம் மைக்கைக் கொடுத்தால் கஞ்சி ஆறிவிடும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் உட்கார்ந்ததைச் சொல்லுங்கள். இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் போர் முடிந்தும் போகாததைச் சொல்லுங்கள். 2024 மே மாதம் திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரில் இதே கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைதுசெய்ததைச் சொல்லுங்கள்.

கஞ்சி குடித்தவர்களிடம் கையெழுத்து வாங்கித் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் கொடுங்கள். ஒரே பக்கம், மலாய் மொழியில், ஒரே கேள்வி: ஐநா மனித உரிமை மன்றத்தில் இலங்கை பற்றிய தீர்மானத்துக்கு 2012இலும் 2022இலும் மலேசியா ஏன் வாக்களிக்காமல் ஒதுங்கியது? தபாலில் போடாமல் சேவை மையத்துக்கு நேரில் போங்கள். வாங்கியவர் பெயரையும் தேதியையும் நகலில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அந்த நகலோடு மறுபடி போய் நில்லுங்கள்.